முதல் வண்டி எடுத்தவர்கள் லோடு பிடிக்கும்போது செய்யும் தவறுகள்

டிரைவராக ஓடிவிட்டுச் சொந்த வண்டி எடுப்பவர்களுக்கு ரோடும் தெரியும், வண்டியும் தெரியும். லோடு பிடிப்பதுதான் புதிது; அதுவரை அதை முதலாளி போனிலேயே பார்த்துக்கொண்டார். சங்ககிரி, நாமக்கல் பக்கம் டியூ கட்ட முடியாமல் திணறும் பையன்களிடம் பேசிப் பார்த்தால் எல்லாம் பழைய கதையாகவே இருக்கிறது. டீசல் கணக்கு எழுதாதது, டயரைக் கவனிக்காதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். புரோக்கர், புக்கிங் ஆபீஸ் விஷயத்தை மட்டும் பார்ப்போம்.

வாடகையைப் பேசிவிட்டுப் பாக்கியைப் பேசாமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஊரிலிருந்து ஜவ்வரிசியோ மஞ்சளோ ஏற்றிப் போகும்போது பெரிய சிக்கல் இல்லை. ஆபீஸ் நம் ஊரில் இருக்கிறது. பாக்கி வரவில்லையென்றால் காலையிலேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம். மாட்டுவது ரிட்டன் லோடில். மும்பையில் இறக்கிவிட்டு, கைக்காசு கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் போன் வரும்: “லாத்தூர்ல சோயாப் புண்ணாக்கு இருக்கு, நாமக்கல் தீவன மில்லுக்கு.” சொந்த ஊருக்கே லோடு என்றதும் வேறு எதையும் கேட்கத் தோன்றாது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்படித்தான் ஏற்றினான். டன்னுக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதையெல்லாம் கறாராகப் பேசியிருந்தான். ஆனால் போனில் பேசியவர் ஒருவர், அட்வான்ஸ் வந்தது இன்னொருவர் கணக்கிலிருந்து, எல்ஆரின் (சரக்கோடு போகும் லாரி ரசீது) தலைப்பில் இருந்ததோ அவன் கேள்விப்பட்டே இராத ஒரு டிரான்ஸ்போர்ட். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மில் எடைமேடையில் கொஞ்சம் எடை குறைந்தது. ஏற்றிய இடத்துச் சீட்டு எங்கே என்று கேட்டேன். “அது பார்ட்டிகிட்டயே இருக்குண்ணா” என்றான். வாடகை டிரான்ஸ்போர்ட்டுக்குப் போய்விடும், எங்களுக்குத் தெரியாது என்றது மில். புரோக்கரிடம் முடித்துவிட்டோம் என்றது டிரான்ஸ்போர்ட். புரோக்கர் முதலில் ஷார்ட்டேஜ் கழிக்கணும் என்றார், அப்புறம் அக்னாலெட்ஜ்மென்ட் (சரக்கு வந்து சேர்ந்தது என்று மில் கையெழுத்துப் போட்ட காகிதம்) ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பு என்றார். இவனும் அனுப்பிவிட்டான். அதன்பிறகு போன் எடுக்கப்படவில்லை. அவன் கையில் இருந்த ஒரே பிடி அந்தக் காகிதம்தான்.

அதனால் வண்டியைப் பிளாட்பாரத்தில் விடும் முன்பே கேளுங்கள்: பாக்கியை யார் தருகிறார்கள், எந்த ஊரில்? எல்ஆர் ‘டு பே’ என்றால், சரக்கை எடுப்பவர் இறக்குமிடத்தில் வாடகை கட்டுவார். உங்கள் பாக்கியை அங்கேயே வாங்கிக்கொள்ளும்படி சலானில் (டிரான்ஸ்போர்ட் உங்களுக்குத் தரும் வாடகைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். ‘பெய்டு’ (அனுப்புபவரே வாடகை கட்டுவது) என்றாலோ பில்லிங் பார்ட்டி (பிறகு பில் போட்டு வாங்குவது) என்றாலோ பணம் ஏற்றிய பக்கத்திலேயே சுற்றும். அப்போது அட்வான்ஸைக் கூட்டிக் கேளுங்கள். மொத்த வாடகை, அட்வான்ஸ், பாக்கி, பாக்கி தரும் கிளை எல்லாம் சலானில் முத்திரையோடு இருக்க வேண்டும். எல்ஆர் கொடுக்கும் டிரான்ஸ்போர்ட் 2007-ம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். எல்ஆரில் இருக்கும் ஜிஎஸ்டி நம்பரை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் வரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். ரத்தானது என்று வந்தால் ஏற்றாதீர்கள், வாடகை எவ்வளவு ஆனாலும் சரி.

ஏற்றும்போது எடைச்சீட்டில் ஒரு பிரதி உங்களுக்கு. இறக்கியதும் அக்னாலெட்ஜ்மென்ட்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, ஒரிஜினலைப் பணத்தைப் பார்த்த பிறகு கொடுங்கள். முடிந்தவரை நேரில். தெரிந்த ஆபீஸ் டன்னுக்குக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாலும் நான் அங்கேதான் ஏற்றுவேன். கூட வரும் வாடகை பெரும்பாலும் வராத பாக்கிக்குள் ஒளிந்திருக்கும்.

முன்பணம் கேட்கும் லோடு

லோடு தர உங்களிடமே பணம் கேட்டால், கேட் பாஸ், பதிவுக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் போடாதீர்கள்.

“ரெண்டு டன் சேர்த்துப் போடு”

பிடித்தால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான். சேர்த்துப் போடச் சொன்னவர் அப்போது லைனில் இருக்கமாட்டார்.

ஈ-வே பில்லைப் பார்க்காமல் கிளம்புவது

ஈ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி அனுமதிச் சீட்டு. அதில் வண்டி நம்பர் சரியா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். கெடு முடியும் தேதியையும் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சில இடங்களில் வண்டி நம்பரை முன்கூட்டியே பில்லில் பதிந்துவிட்டு, லோடை மறுநாள்தான் முடிப்பார்கள். நம்பரைப் பதிந்ததிலிருந்தே கெடு ஓடும். வழியில் வண்டி நின்றுவிட்டால் உடனே டிரான்ஸ்போர்ட்டுக்குச் சொல்லி நீட்டிக்கச் சொல்லுங்கள். கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்தபின் 8 மணி நேரம், அதற்குள்தான் முடியும்.

ஹால்டிங்

ஏற்றும் முன் பேசாத ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான பணம்) கிடைக்காது.

டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள் என்று புலம்புவது

10 வண்டி வரை வைத்திருப்பவர் பான் நம்பரோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் வாடகையில் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை. கடிதத்தில் பத்துப் பிரதி எடுத்து வண்டியிலேயே வைத்திருங்கள்.

எத்தனை நாளாக நிற்கிறோம் என்று சொல்லிவிடுவது

புரோக்கர் பேச்சுவாக்கில்தான் கேட்பார்: “எப்போ காலியாச்சு?” நாலு நாளாச்சுண்ணா என்று உண்மையைச் சொன்னால் வாடகை அந்த இடத்திலேயே இறங்கிவிடும். டியூ தேதி நெருங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். “காலையிலதான் இறக்கினேன், இன்னொரு இடத்துலயும் பேசிட்டிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள். லோடு அவசரமென்றால் அவரே திரும்பக் கூப்பிடுவார்.