ஆற்றங்கரையில் வீடு வாங்கலாமா? நெல்லைச் சீமைக்குக் குடிவருபவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூரிலோ துபாயிலோ டொராண்டோவிலோ பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு நெல்லைச் சீமையில் குடியேற வருகிறவர்களில் பலர், வந்ததும் தரகரிடம் கேட்பது ஆறு தெரியும்படியான வீட்டைத்தான். தாத்தா காலத்தில் கடையநல்லூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ புறப்பட்டுப் போன குடும்பங்களில், தாமிரபரணியைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை எழுவது இயல்பு. ஆனால் வெளிநாட்டில் ஏரிக்கரை வீடு வாங்கும்போது கேட்கும் கேள்விகள் இங்கே போதாது. இங்கு தண்ணீர் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. கண்ணுக்குக் கரை என்று தெரிவதும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் கரை என்று இருப்பதும் பல இடங்களில் வேறு வேறாகவே இருக்கின்றன.

நன்மைகளை முதலில் சொல்லிவிடலாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளாலும் நீர் பெறுவதால், வேறு பல ஆறுகள் வெறும் மணலாகக் கிடக்கும் கோடையிலும் இதில் ஓரளவு நீரோட்டம் இருக்கும். கரையை ஒட்டிய ஊர்களில் கிணற்று நீர் அதிக ஆழமில்லாமல் கிடைக்கிறது. பெரும்பாலும் உப்புக் கரிப்பதும் இல்லை. ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டும் பயனில்லாமல் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். வாழைத்தோட்டமும் வயலும் சூழ்ந்த கரையூர்களில் சித்திரை வெயிலின் கடுமை சற்றுக் குறைவு. விடியற்காலையில் படித்துறைக்கு நடந்துபோய் ஆற்றில் முங்கிக் குளிக்கும் சுகத்தை எந்த அடுக்குமாடி நீச்சல்குளமும் தராது.

தீமைகளில் முதன்மையானது வெள்ளம். 1992 நவம்பரில் வந்ததும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததும்தான் இன்றும் ஊராருக்கு அளவுகோல். 2023இல் கொக்கிரகுளத்தில் ஆற்றை ஒட்டியிருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சந்திப்புப் பேருந்து நிலையமும் மூழ்கியது. மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை ஆகிய பகுதிகளின் தாழ்வான தெருக்களில் வீடு பார்ப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். முழு நீர்மட்டம் பாபநாசம் அணைக்கு 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி என்ற கணக்கு இங்குள்ளவர்களுக்கு மனப்பாடம். காலையில் நாளிதழில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, அணை நிரம்பவில்லை, பயமில்லை என்று ஆறுதல் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; சமவெளியில் பெய்த அந்த மழையைத் தடுத்து நிறுத்த மலையடிவார அணைகளால் ஆவது ஒன்றுமில்லை. பச்சையாறும் சிற்றாறும் எண்ணற்ற காட்டு ஓடைகளும் அந்த இரண்டு அணைகளுக்குக் கீழே வந்துதான் ஆற்றில் சேருகின்றன.

ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வீடு தேடத் தொடங்குவது நல்லது. பெருவெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும் என்று தெரிந்தே, அந்தப் பாய்ச்சலைத் தாங்கும் விதமாக அதைக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வரும் என்றால் உற்சவரை மேட்டில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுவாமிக்கே மேட்டில் இன்னொரு இடம் வைத்திருக்கும் ஊரில், நமக்கு ஒரே வீடு, அதுவும் ஆற்றின் விளிம்பில் என்பது சற்று அதிகப்படியான துணிச்சல்.

பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனால், "அண்ணாச்சி, இந்தத் தெருவுக்குத் தண்ணி வந்ததே கிடையாது" என்று தரகர் சொல்வார். அதை அவரோடு வாதிட வேண்டியதில்லை. சுவரைப் பார்த்தால் போதும். மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருக்க, தரையிலிருந்து நாலடிக்கு மட்டும் புதுச் சிமெண்டு பூசியிருந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. மரநிலையின் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா, சுவிட்ச் பலகைகளை எல்லா அறைகளிலும் தோளுக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா, இரும்பு பீரோவின் கால்கள் துருவேறிச் செங்கல்மேல் நிற்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியிடம், "ஆச்சி, தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். வந்ததா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடக்கூடும். எந்தப் படி என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டிவிடுவார்.

ஆற்றங்கரை கிடைக்காதவர்களுக்குக் கால்வாய்க்கரை மனையைக் காட்டுவார்கள். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் யாவும் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் மனையைப் பார்த்தால் மனம் மயங்கத்தான் செய்யும். பாசனம் முடிந்து அடைத்த பிறகு, பங்குனி, சித்திரையில் அதே இடத்துக்கு வந்து பாருங்கள். நகருக்குள் ஓடும் பகுதிகளில் கழிவுநீரும் குப்பையும் ஆகாயத்தாமரையும் தேங்கி, சாயங்காலம் ஆனால் சன்னலைத் திறக்க முடியாத அளவுக்குக் கொசு மொய்க்கும். வழிப் பிரச்சினை இதைவிடப் பெரியது. கால்வாய்க் கரைமேல் போகும் மண்பாதை பெரும்பாலும் நீர்வளத்துறைக்குச் சொந்தமானது. அதில் ஊரார் நடப்பதாலும் வண்டி போவதாலும் அது உங்கள் மனைக்குரிய சாலை ஆகிவிடாது. மனை கால்வாய்க்கு அக்கரையில் இருந்தால், வீட்டுக்குப் போகச் சிறுபாலம் போடவும் அத்துறையின் அனுமதி வேண்டும். பத்திரத்தில் "வழிநடைப் பாத்தியம் உட்பட" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவருக்கே இல்லாத பாத்தியத்தை அவர் எழுதிக்கொடுக்க முடியாது.

குளத்தங்கரை மனைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விலை மலிவாக இருப்பது அங்குதான். நெல்லையின் குளங்கள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலித்தொடராக அமைந்தவை. மேலே உள்ள குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் ஓடை வழியாகக் கீழ்க்குளத்துக்குப் போகும். நாலைந்து ஆண்டுகள் மழை பொய்த்தால் அந்த மறுகால் ஓடையில் உடைமுள் வளர்ந்து, அது ஓடை என்பதே மறந்துபோய், கல் நட்டு மனை பிரித்து விற்கிறார்கள். குளத்தின் உட்பக்கம் நீர்பிடிப்புப் பகுதியில் பட்டா நிலங்களும் இருப்பதுண்டு. குளம் முழுக் கொள்ளளவை எட்டும் ஆண்டில் அவை தண்ணீருக்குள் இருக்கும். கரைக்கு வெளிப்பக்கம் இருப்பது ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயற்பரப்பு. அங்கே கவலை கரை உடைப்பு. 2023இல் தென்மாவட்டங்களில் பல குளங்கள் உடைந்ததை மறந்துவிடக் கூடாது. ஆகவே குளத்தங்கரையில் மனை பார்க்கிறவர் மறுகால் எந்தப் பக்கம், மடை எந்தப் பக்கம், ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் ஊர்ப் பெரியவர்களிடமோ குளத்து மடையைத் திறந்து வயல்களுக்கு நீர்பாய்ச்சும் மடையரிடமோ கேட்டு, கூடவே நடந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் குளங்கள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும் என்பதால், கார்த்திகையில் எடுத்த புகைப்படத்தை நம்பி வெளிநாட்டிலிருந்தபடியே வாங்குபவர்கள் வைகாசியில் ஆடு மேயும் பொட்டலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க நேரிடும்.

ஆவணங்களில் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது போதுமானதல்ல. புல எண்ணை வைத்துக்கொண்டு, நிலத்தின் வகையையும் உரிமையாளரையும் காட்டும் 'அ' பதிவேடு, சிட்டா, எல்லையைக் காட்டும் புலப்படம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். அதோடு பழைய செட்டில்மெண்டு பதிவேட்டில் அந்தப் புலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதையும் வழக்கறிஞர் மூலம் எடுத்துப் பார்க்க வேண்டும். இன்று ரயத்துவாரி (தனியார் பட்டா) மனை என்று இருப்பது அன்று ஓடை, வாய்க்கால், குளம் என்று இருந்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதே உத்தமம். நீர்நிலைப் புறம்போக்கு விஷயத்தில், கையில் பட்டாவும் மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் வைத்திருந்தவர்களின் கட்டடங்களைக்கூட இடிக்கச் சொல்லி நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. குளங்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கென்று இன்னொரு தடை உண்டு. வெளிநாடுவாழ் இந்தியரும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (OCI) அட்டை உடையவரும் இந்தியாவில் வீடு, மனை வாங்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது. நெல்லையில் ஆற்றை ஒட்டிக் கிடப்பதில் பெரும்பகுதி நஞ்சை என்பதால் இந்த விதி நேரடியாகக் குறுக்கே நிற்கிறது. "இப்ப நஞ்சையாவே முடிச்சிருவோம், பொறவு மாத்திக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பூர்வீக வழியில் வாரிசாகக் கிடைக்கும் விவசாய நிலத்துக்கு இந்தத் தடை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே வைத்திருப்பவர்கள் எந்த அசையாச் சொத்தை வாங்கவும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும். ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு உண்டு. பணத்தை வங்கி வழியாகவே செலுத்துங்கள். பின்னாளில் விற்றுத் தொகையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும்போது அந்தக் கணக்குத்தான் கைகொடுக்கும்.

கடற்கரை வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கம் கடல் அழகானதுதான். ஆனால் கடலேற்றம் உச்சத்தில் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும், கரைக்கு அருகில் புதிதாகக் கட்டவே இடமிராது. கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் போராடும் ஊர்களில், அவர்களே பின்வாங்கும் கரையை நோக்கி நாம் முன்னேறுவது புத்திசாலித்தனமாகாது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிப்பதும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி சீக்கிரமே அரித்துப்போவதும் அங்கே அன்றாடச் செலவுகள்.

கரையோர வண்டல் மண்ணில் கட்டுவதானால் மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளம் போடக் கூடாது. தரைமட்டத்தைத் தெருவின் உயரத்தை வைத்து அல்ல, நீங்கள் விசாரித்தறிந்த வெள்ள உயரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது மலக்குழித் தொட்டி நிரம்பிக் கழிப்பறை வழியாகத் திரும்பிவரும்; கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே போதிய தூரம் வேண்டியதும் இதனால்தான். 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் 'பாரத் கிரஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கும் என்பதால், அதை எடுக்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

என்னைக் கேட்டால், ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மேட்டுப்பாங்கான பழைய குடியிருப்பில் வாங்குங்கள் என்பேன். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களில் படித்துறைக்கு நடந்துபோகும் தூரத்தில் முற்றமும் திண்ணையும் கொண்ட பழைய வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. அவற்றில் பங்காளிகள் பலர் இருப்பார்கள். கையெழுத்து வாங்கவே மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் அந்தச் சிரமம் வெள்ளத்தோடு மல்லுக்கட்டுவதைவிடக் குறைவு. அவசரமில்லாதவர்கள் அதே தெருவில் ஒரு வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கோ ஒத்திக்கோ பிடித்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் பங்குனி, சித்திரை வறட்சியையும் அங்கேயே இருந்து பார்த்துவிடலாம். ஒத்தியானால் பணம் மொத்தமாகக் கைமாறுவதால் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கெடு முடியும் மாதம் ஐப்பசிக்குள் வந்துவிடாதபடி தை மாதத்தில் முடியுமாறு எழுதிக்கொண்டால், மழைக்காலம் முழுவதையும் பார்த்த பிறகே கிரயம் பேசலாம்.