பராமரிப்பு குறைந்த பல்லாண்டுத் தோட்டம்: திட்டமிடும் முறை

தமிழ்நாட்டுச் சமவெளியில், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பூக்கும் செடிகளைக் கொண்டு வீட்டுத் தோட்டம் அமைக்க விரும்பும் புதியவர்களுக்கான செய்முறை இது. பின்னாளில் வேலை கூடுமா குறையுமா என்பது பெரும்பாலும் நர்சரிக்குப் போவதற்கு முன்பே முடிவாகிவிடுவதால், முதல் மூன்று படிகளில் அவசரம் வேண்டாம்.

1. வெயிலைக் குறித்துக்கொள்ளுங்கள்
இடத்தை ஒரு தாளில் வரைந்து, காலை 8 மணி, நண்பகல் 12 மணி, மாலை 4 மணிக்கு நிழல் விழும் பகுதிகளைக் குறியுங்கள். மேற்கு பார்த்த சுவரோரம் பிற்பகல் வெயிலோடு சுவரின் சூடும் சேர்ந்து தாக்கும். மென்மையான செடிகளுக்கு அந்த இடம் ஆகாது.

2. வடிகாலைச் சோதியுங்கள்
ஓரடி ஆழக் குழியில் நீர் நிரப்பி, அது வடிந்தபின் மீண்டும் நிரப்புங்கள். சில மணி நேரத்துக்குப் பிறகும் நீர் தேங்கி நின்றால், பாத்தியை அரையடி உயர்த்தி அமையுங்கள்.

3. தண்ணீர்த் தேவையை வைத்துச் செடிகளை வகைபிரித்துக்கொள்ளுங்கள்
என் கருத்தில் இதுவே மிக முக்கியமான படி. அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, கற்றாழை ஆகியவை முழு வெயிலையும் வறட்சியையும் தாங்கும் என்பதால், குழாய்க்கு எட்டாத மூலையை இவற்றுக்கு ஒதுக்கலாம். செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை ஆகியவற்றுக்கு ஓரளவு நீர் வேண்டும். கனகாம்பரமும் கற்பூரவல்லியும் அரை நிழலில் நன்றாக வரும். கற்றாழையையும் செம்பருத்தியையும் ஒரே பாத்தியில் நட்டால், ஒன்று அழுகும் அல்லது மற்றொன்று வாடும். அரளியின் எல்லாப் பாகங்களும் நச்சுத்தன்மை கொண்டவை. சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ உள்ள வீட்டில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

4. வளர்ந்தபின் ஆகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள்
நந்தியாவட்டை, செம்பருத்தி ஆகியவற்றுக்கு 5 அடி வேண்டும். முதலில் வெறுமையாகத் தெரியும் இடத்தை, அதே அளவு நீர் கேட்கும் சிறு செடிகளால் நிரப்பலாம்.

5. நடுங்கள்
வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நடுவது நல்லது. மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடிக் குழியில், தோண்டிய மண்ணுடன் மக்கிய தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்ததும் வேர்களைப் பாருங்கள்: அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால், விரல்களால் மெல்லப் பிரித்துவிட்ட பிறகே நட வேண்டும்; இல்லையெனில் அவை மண்ணுக்குள்ளும் சுற்றிக்கொண்டே இருந்து செடி குன்றிவிடும். பையிலிருந்த மண்ணின் மேல்மட்டமும் தரைமட்டமும் சமமாக இருக்கட்டும்.

6. மூடாக்கு இடுங்கள்
காய்ந்த சருகுகளை 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விடுங்கள். களை எடுக்கும் வேலையையும் நீர்த் தேவையையும் குறைப்பதில் இதற்கு இணை வேறில்லை.

7. முதல் ஆண்டு மட்டும் கவனமாக நீர் விடுங்கள்
செடி வேர் பிடித்ததும், தினமும் தெளிப்பதை விட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை ஆழமாக நனையுமாறு ஊற்றினால் வேர் கீழ்நோக்கி இறங்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து, மழை ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரியில் ஒருமுறை கவாத்து செய்து (கிளைகளை வெட்டிச் சீராக்கி), தொழு உரம் இட்டு, சருகைப் புதுப்பித்தால் போதும்; ஓரளவு நீர் வேண்டும் என்று மூன்றாம் படியில் சொன்ன செடிகளுக்கு மட்டும் நீர் விடுவதைத் தொடருங்கள். செம்பருத்தியின் இலை அடியில் வெண்பஞ்சுபோல் மாவுப்பூச்சி தெரிந்தால், முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதற்கும் போகாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.