ஓவியக் கூடத்துக்கு நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எவ்வளவு ஆகும் தம்பி? இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கு?"

வேலூர் லாங்கு பஜாரில் அரிசிக் கடை வைத்திருக்கும் பெரியவர் எங்களிடம் கேட்டது இந்த இரண்டு கேள்விகள்தான். பழைய மாணவர்கள் நான்கு பேர் வேண்டுகோள் கடிதத்தோடு போயிருந்தோம். 'கலை, வடிவமைப்புக் கட்டடத்துக்குத் தாராளமாக நிதி தாரீர்' என்று அதில் அச்சடித்திருந்தது. தொகையும் இல்லை, வரைபடமும் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, 501 ரூபாயும் கொடுத்து அனுப்பினார். ஆறு மாதம் கழித்து அதே மனிதர் ஓர் அறையின் அத்தனை ஜன்னல்களுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். நடுவில் மாறியது நாங்கள் கேட்ட விதம்தான்.

மதிப்பீடு கையில் இல்லாமல் தெருவில் இறங்குவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. பொறியாளரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். கட்டுமான ஒப்பந்தத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டி அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டுக் கூரை போடும் கட்டத்தில் விழிக்கிறார்கள்.

ஓவியக் கூடத்தை இன்னொரு வகுப்பறையாக நினைத்துக் கணக்குப் போடவும் கூடாது. களிமண் பொருள்களைச் சுடும் மின்சாரச் சூளை வைப்பதாக இருந்தால் மும்முனை இணைப்பு தேவைப்படலாம். கை கழுவும் தொட்டியில் களிமண் தங்கி வடிய வழி இல்லையென்றால் ஒரே பருவத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். ஜன்னலை வடக்குப் பக்கம் வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி வெயில் நேரே விழாது, வெளிச்சம் மட்டும் வரும். வேலூர் வெயிலில் தகரக் கூரையின் கீழே மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகளைத் தூரிகை பிடிக்கச் சொல்ல முடியாது. ஈரப் படங்களைக் காயவைக்க அடுக்குகளும் வேண்டும். இதையெல்லாம் எழுதி வைத்தால் நன்கொடை கேட்பதே சுலபமாகிவிடும். 'ஒரு ஜன்னல் இவ்வளவு, ஒரு வரைமேசை இவ்வளவு, சூளை இவ்வளவு' என்று சொன்னால், கொடுப்பவர் தனக்கு எது முடியும் என்று தானே எடுத்துக்கொள்வார்.

கூடவே பிள்ளைகளின் வேலையைக் கண்ணில் காட்டுங்கள். எங்கள் பள்ளியில் களிமண் பொம்மைகள் வராந்தா பெஞ்சில்தான் காயும். ஒரு சனிக்கிழமை சாரல் அடித்து வரிசையாக வைத்திருந்த யானைகளின் தும்பிக்கைகள் எல்லாம் கரைந்து விழுந்தன. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேசாமல் அவற்றைத் திரும்ப உருட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அன்று தற்செயலாக வந்திருந்த இரண்டு பெற்றோரிடம் நாங்கள் எதுவுமே கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று அவர்களாகவே கேட்டார்கள்.

அடுத்தது ரசீது. கல்யாண வீட்டில் மொய் எழுதுபவர் பத்து ரூபாயைக்கூட விடமாட்டார். ஊர், அப்பா பெயர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். பள்ளி நிதி என்றதும் நம்மவர்கள் 'யுபிஐயில் போட்டுவிடுங்க அண்ணா' என்று யாரோ ஒருவரின் சொந்த எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். இது வேண்டவே வேண்டாம். அறக்கட்டளை பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, வரிசை எண் போட்ட ரசீது, கொடுப்பவரின் பான் எண் என்று முதல் நாளே ஆரம்பியுங்கள். நன்கொடைக்கு 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகை உண்டு என்று சொல்லிக் கேட்பதானால், அந்த அனுமதி உங்கள் அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் அது கிடைக்காது. பெயர், விலாசம் இல்லாமல் உண்டியலில் விழும் பணம் ஒரு வரம்பைத் தாண்டினால் 30 சதவீத வரி கட்ட வேண்டிவரும்.

வெளிநாட்டுப் பணத்தில் நல்ல மனிதர்களே சிக்கிக்கொள்கிறார்கள். துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே வகுப்பில் படித்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட தோழி அனுப்பினால் ஆகும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி. அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் அனுமதியும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல், காலணி நிறுவனங்களிடம் போகும்போது 'கல்விக்கு உதவுங்கள்' என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். வரையத் தெரிந்த, ஒரு செருப்பின் மேல்பாகத்தைத் தாளில் வெட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்களுக்குத்தான் நாளை தேவைப்படுவார்கள். அதைச் சொல்லுங்கள். குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தைக் குறிவைத்து அவசரமாகப் புது அறக்கட்டளை தொடங்குவதில் பயனில்லை. பொதுவாக மூன்று ஆண்டாவது இதே வேலையில் இருந்த அமைப்பைத்தான் விதிமுறை ஏற்கிறது. மார்ச்சில் போய் நிற்காமல், நிதியாண்டு தொடங்கும்போதே போங்கள்.

அரசுப் பள்ளி என்றால் வழி வேறு. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். இரண்டுக்கும் முன்பு தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசிவிடுங்கள்.

பெயர்ப் பலகையைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்காக மருத்துவமனை கட்டப் பணம் தேடியபோது, ஷெல் என்ற அமெரிக்க வங்கியாளர் மறைந்த தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் திறந்த அந்த மருத்துவமனை மேரி டேபர் ஷெல் என்ற அவர் மனைவியின் பெயரையே தாங்கி நின்றது. அம்மா பெயரில் ஓர் அறை வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அதில் என்ன குற்றம்? எந்தத் தொகைக்கு எந்தப் பலகை என்பதை முன்கூட்டியே எழுதிவிட்டால் போதும். ஆள் பார்த்து மாற்றினால்தான் மனவருத்தம் வரும்.

அப்புறம், கட்டடத்தோடு கேட்பதை நிறுத்திவிடாதீர்கள். களிமண், வண்ணம், காகிதம், சூளையின் கரண்ட் பில், பகுதிநேர ஓவிய ஆசிரியரின் சம்பளம் எல்லாம் ஒவ்வொரு ஜூனிலும் திரும்ப வரும். திரட்டும் தொகையில் ஒரு பகுதியை அதற்கென்று தனியே வைப்பு நிதியில் போட்டு, வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பதாகத் தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். இதை அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே செய்யுங்கள், திறப்பு விழா முடிந்த பிறகு யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.