‘வால்ட்’ வந்தால் தமிழில் என்ன போடுவது?

ஆங்கிலச் செய்தியில் ‘வால்ட்’ (vault) என்ற சொல் வந்தால், அகராதியைத் திறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: உள்ளே என்ன இருக்கிறது? மொழிபெயர்ப்பு மேசையில் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பொன், நகை என்றால் ‘நிலவறை’. 2011-இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் அறைகளைத் திறந்தபோது நம் பத்திரிகைகள் ‘பாதாள அறை’ என்றும் எழுதின. தலைப்புக்கு அது எடுப்பான சொல். ஆனால் நீதிமன்ற உத்தரவைப் பற்றி எழுதும்போது நிலவறைதான் பொருந்தும். வங்கி என்றால் ‘பாதுகாப்புப் பெட்டக அறை’. வெறும் ‘லாக்கர்’ என்று போட்டுவிடாதீர்கள்; அது அந்த அறைக்குள் இருக்கும் சின்னப் பெட்டி.

நார்வேயின் ஸ்வால்பார்டில் மலையைக் குடைந்து, மைனஸ் 18 டிகிரி குளிரில் விதைகளைக் காக்கிறார்களே, அதற்கு ‘விதைப் பெட்டகம்’ அழகாக உட்காரும்.

உடன்பிறப்புச் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘செல்லர்’ உணவும் மதுவும் வைக்கும் நிலவறைக் கிடங்கு. ‘கிரிப்ட்’ தேவாலயத்துக்கு அடியில் இருக்கும் கல்லறை. ‘கேட்டகோம்ப்’ ரோமில் இருப்பதுபோல் சுரங்கமாக நீளும் புதைகுழிகள். ‘டன்ஜன்’ பாதாளச் சிறை.

அப்புறம், கட்டடக்கலைக் கட்டுரையில் வந்தால் தரைக்கு மேலே பாருங்கள், அது ‘வளைகூரை’. விளையாட்டுப் பக்கத்தில் ‘போல் வால்ட்’ வந்தால் கோலூன்றித் தாண்டுதல். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் நான்காம் இடம் பிடித்தது ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட்டில்; அதற்குக் கோல் கிடையாது, கையூன்றித் தாண்டுவது.