ஓணானை உக்காந்து பாக்குறது எப்படி

காலையில எட்டு, எட்டரைக்கு வெயில் சுள்ளுனு விழற வேலியோ முருங்கை மரமோ பாத்து ஒரு பதினஞ்சு அடி தள்ளி உக்காருங்க, அவ்ளோதான் செட்டப். பைனாகுலர் இருந்தா நல்லது, இல்லைனா மொபைல் ஜூம் போதும். கிட்ட போனீங்கன்னா அது ஓடாது, மரத்துக்கு அந்தப் பக்கம் சுத்திக்கும், நீங்க சுத்துனா அதுவும் சுத்தும், அதனால ரெண்டு பேரா போயி ஆளுக்கொரு பக்கம் உக்காந்துக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம், இதை நிறைய பேரு பச்சோந்திம்பாங்க, கிடையாது. பச்சோந்திக்கு விரலெல்லாம் ரெண்டு கொத்தா ஒட்டி இடுக்கி மாதிரி இருக்கும், வாலைச் சுருட்டி கிளையைப் பிடிக்கும். ஓணானுக்கு விரல் தனித்தனி, வால் நீட்டமா சாட்டை மாதிரி.

காலையில உடம்பு கொஞ்சம் கருப்பா, தட்டையாக்கி வெயிலுக்குக் காட்டிட்டு இருக்கும். சூடேறுனதும் வெளிறும். உச்சி வெயில்ல வாயைத் தொறந்துட்டு நிக்கும், இல்லாட்டி நிழலுக்குப் போயிரும்.

சித்திரை வெயில்லேர்ந்து மழைக்காலம் வரைக்கும்தான் உண்மையான கூத்து. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செவசெவன்னு ஆயிரும், கழுத்து ரெண்டு பக்கமும் கருப்புத் திட்டு, தண்டால் எடுக்கும். எதிர்ல இன்னொரு ஆண் வந்தா ரெண்டும் மாத்தி மாத்தி எடுக்கும், தோத்தவன் செவப்பு நம்ம கண்ணு முன்னாடியே மங்கிப் போகும் பாருங்க, எனக்கு இன்னும் சலிக்கல. பெண் மெத்துனு இருக்குற மண்ணைத் தோண்டி முட்டை போட்டு மூடும்போது மட்டும் தயவுசெஞ்சு கிட்ட போகாதீங்க.

நோட்டுல மூணு விஷயம் எழுதுனா போதும்: எத்தனை அடி உயரம், கிளை எவ்ளோ தடிமன், மணி என்ன. கரீபியன் தீவுகள்ல அனோல்னு ஒரு பல்லி இனம் இருக்கு, அதுல இப்படித்தான் யாரு எங்க உக்காருறானு குறிச்சுப் பாத்தாங்க. அடிமரத்துல இருந்து தரைக்குத் தாவுறதுக்கு நீளக் கால், குச்சிக் கிளையில நடக்குறதுக்குக் குட்டைக் கால், கியூபா, ஹிஸ்பானியோலா, ஜமைக்கா, போர்ட்டோ ரிக்கோ நாலு தீவுலயும் இதே மாதிரி ஆளுங்க தனித்தனியா பரிணமிச்சு வந்திருக்காங்க. அனோலுக்குக் கழுத்துல விரிக்குற விசிறி உண்டு. நம்மூரு பொட்டல்ல ஓடுற விசிறிக்கழுத்து ஓணானுக்கும் உண்டு, ஆனா ரெண்டும் வேற வேற குடும்பம், அதுபாட்டுக்கு அது, இதுபாட்டுக்கு இது. பொட்டல்காரனுக்குப் பின்னங்கால்ல நாலு விரல்தான், முடிஞ்சா போட்டோ எடுத்து எண்ணிப் பாருங்க.

புல்லுல சுருக்கு போட்டுப் பிடிக்குற பழைய வேலையெல்லாம் வேண்டாம், நானும் சின்ன வயசுல பண்ணவன்தான். வால் அறுந்தா பல்லிக்கு மாதிரி இதுக்குத் திரும்ப வளராது.

மேகம் போட்ட நாள்ல போகாதீங்க, ஒண்ணுமே வெளிய வராது, கொசுக்கடிதான் மிச்சம்.