பிடித்த பாட்டு சலிக்காமல் இருக்க

புதுப் பாட்டு முதல் இரண்டு தடவை மனசில் ஒட்டாது. மெட்டு எங்கே திரும்பும் என்று காதுக்குத் தெரியாது. நாலைந்து தடவைக்குப் பிறகு பல்லவி தானாக வாயில் வரும், அப்போதுதான் பிடிக்கத் தொடங்கும். பழகுவதாலேயே ஒன்று பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-இல் அர்த்தமில்லாத சொற்களை வைத்தே காட்டினார். ஆனால் எல்லாத் திருப்பமும் மனப்பாடமாகிவிட்டால் எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது, பிடித்தம் இறங்கும்.

இதற்கு அடையாளம் உண்டு. இரண்டாவது இடையிசை வரும்போதே கை அடுத்த பாட்டுக்குப் போனால், அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பாட்டைக் கெடுப்பதில் முதலிடம், ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்புக்குத்தான். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். ஐந்து நிமிடப் பாட்டு லூப்பில் ஓடினால் ஒரே பயணத்தில் 24 தடவை! பன்னிரண்டு பாட்டுக்கு ஒன்றாக வைத்தால் இரண்டே தடவைதான் வரும். பிடித்த இடத்துக்கு நேராகத் தள்ளிப் போகவும் வேண்டாம். அந்த இடம் வருவதற்குக் காத்திருக்கும்போதே மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது என்று மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011-இல் கண்டார்கள். தள்ளினால் அந்தச் சுகம் போய்விடும்.

அலாரத்துக்கு வைக்கவே வைக்காதீர்கள். பத்து நாளில் முதல் வாத்தியம் கேட்டதுமே எரிச்சல் வரும்.

வேலூரில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள், உயிரான பாட்டை அங்கே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். அந்த நாட்களின் கலக்கம் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் பழகாத பாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால், வேறு இடத்தில், நாலு பேரோடு சேர்ந்து சில தடவை கேளுங்கள். முழுக்கப் போகாது, வலி குறையும்.

நிறுத்திய பாட்டை மூன்று வாரமாவது தொடாதீர்கள். பிறகு ராத்திரி வீடு அடங்கியதும், காதை நன்றாக அடைக்கும் இயர்போனில் கேளுங்கள். மே மாத வேலூரில் ஃபேனை நிறுத்த முடியாது; அந்த இரைச்சல் தணிந்த ஒலிகளை விழுங்கிவிடும். பஸ்ஸிலும் இதே கதைதான், அதற்காகச் சத்தத்தைக் கூட்டினால் காது கெடும்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம். முதல் நாள் பேஸ் கிட்டார் மட்டும்; போன் ஸ்பீக்கரில் அது அநேகமாகக் காதிலேயே விழாது. மறுநாள் வலது காது இயர்போனைக் கழற்றிவிட்டு இடது பக்கம் மட்டும் கேளுங்கள். பல பதிவுகளில் வயலின் கூட்டம் ஒரு பக்கமாகவே இருக்கும், குரலுக்குப் பின்னால் அதுவரை கவனிக்காத தனி மெட்டு ஒன்று ஓடுவது தெரியும். மூன்றாம் நாள், சரணம் எடுப்பதற்கு முன் பாடகர் மூச்சு இழுக்கும் இடம். நான்காம் நாள், பல்லவிக்குத் திரும்பும்போது தபேலா போடும் உருட்டல்.

முடிந்ததும் 'இன்னொரு தடவை' என்று தோன்றும். மறுநாள்வரை பொறுங்கள்.