ஃபிகர் ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பை முதல் தடவை பார்ப்பது எப்படி?

முதலில் ஒன்று: கடைசியில் ஆட வரும் ஆறு பேரை மட்டும் பார்த்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2024 மார்ச்சில் மாண்ட்ரியலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பிரான்சின் ஆடம் சியாவோ ஹிம் ஃபா முதல் கட்டமான ஷார்ட் புரோகிராமில் சொதப்பி 19-ஆவது இடத்துக்குப் போய்விட்டார். பின்தங்கியவர்கள் முதலில் ஆட வேண்டும் என்பதால், இரண்டாம் கட்டமான ஃப்ரீ ஸ்கேட்டில் முதல் குழுவிலேயே இறங்க வேண்டியதாயிற்று, பெரும்பாலானவர்கள் டிவியைப் போடாத நேரம் அது. அங்கே அவர் ஆடிய ஆட்டம் அப்படி, பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவருக்குக் கீழேயே நின்றார்கள், கடைசியில் வெண்கலம் அவருக்கு. அதே போட்டியில் ஷார்ட்டில் மூன்றாவதாக இருந்த அமெரிக்காவின் இலியா மாலினின் தங்கம் வாங்கினார். பெண்களில் நான்காவதாக இருந்த ஜப்பானின் கவோரி சகமோட்டோ தொடர்ந்து மூன்றாவது முறையாக உலகப் பட்டம் வென்றார். அதனால் ஆரம்பத்திலிருந்தே உட்காருங்கள்.

அமைப்பு எளிது. ஆண்கள், பெண்கள், ஜோடிகள், ஐஸ் டான்ஸ் என்று நான்கு பிரிவுகள். தனிநபர் பிரிவுகளில் ஷார்ட் புரோகிராம் 2 நிமிடம் 40 விநாடி, ஃப்ரீ ஸ்கேட் 4 நிமிடம், இரண்டிலும் பத்து விநாடி முன்னே பின்னே இருக்கலாம். ஷார்ட்டில் முதல் 24 இடங்களுக்குள் வருபவர்கள் மட்டுமே ஃப்ரீ ஸ்கேட் ஆடுவார்கள். இரண்டு மதிப்பெண்களையும் கூட்டித்தான் பதக்கம்.

இனி ஜம்ப். புதிதாகப் பார்க்கிறவர்கள் காற்றில் எத்தனை சுற்று என்று எண்ணப் பார்ப்பார்கள், அது அரை விநாடிக்கும் கொஞ்சம் அதிகமான நேரத்தில் முடிந்துவிடும், கண்ணுக்குப் பிடிபடாது. சுற்றை விடுங்கள், எழும்பும் காலைப் பாருங்கள். ஆறு வகை ஜம்ப்களில் ஆக்ஸல் ஒன்றுதான் முகம் முன்னோக்கி இருக்கும்போது எழும்புவது, மற்ற ஐந்தும் பின்னோக்கிப் போய்க்கொண்டே எழும்புபவை. முன்னால் பார்த்து எழும்பிப் பின்னோக்கி இறங்குவதால் ஆக்ஸலுக்கு எப்போதும் அரைச் சுற்று கூடுதல், ட்ரிபிள் ஆக்ஸல் என்றால் மூன்றரை. நாலரைச் சுற்று ஆக்ஸலைப் போட்டியில் முதன்முதலில் சரியாக இறக்கியவர் மாலினின்தான், 2022 செப்டம்பரில் லேக் பிளாசிடில். முதல் நாள் ஆக்ஸலை மட்டும் அடையாளம் கண்டால் போதும்.

அடுத்து, பிளேடின் முனையில் இருக்கும் பற்களைக் கவனியுங்கள். டோ லூப், ஃபிளிப், லட்ஸ் மூன்றிலும் மற்றொரு காலின் முனையைப் பனியில் குத்தி எழும்புவார்கள். சால்கோவிலும் லூப்பிலும் அந்தக் குத்து இருக்காது. இதில் ஃபிளிப்பையும் லட்ஸையும் பிரித்துப் பார்ப்பதுதான் சுவாரஸ்யம். ஃபிளிப்பில் உடம்பின் எடை பிளேடின் உள் விளிம்பில் இருக்கும், லட்ஸில் வெளி விளிம்பில். லட்ஸுக்கு நீளமாகப் பின்னோக்கி வளைந்து வந்து, அந்த வளைவுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், அதனால்தான் அது கஷ்டம். குத்துகிற கடைசி நொடியில் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டால் மதிப்பெண் குறையும். மெதுவாகப் போடும் ரீப்ளேயில் அந்தக் கணுக்காலைப் பாருங்கள், பிடிபட்டுவிட்டால் விடவே மாட்டீர்கள்!

இறங்கும்போது ஒற்றைக் கால், பின்னோக்கி, வெளி விளிம்பு. மற்ற கால் நீண்டு விரிய வேண்டும், வேகம் குறையாமல் ஓட வேண்டும். சுற்றில் கால் பங்குக்கு மேல் குறைந்து இறங்கினால் மதிப்பெண் தாளில் '<' குறி விழும், அரைச் சுற்றோ அதற்கு மேலோ குறைந்தால் '<<', அதாவது ஒரு சுற்று குறைவான ஜம்பாகத்தான் கணக்கு.

மதிப்பெண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு, அதன் தரத்துக்கு நடுவர்கள் -5 முதல் +5 வரை போடுவார்கள், ஒவ்வொரு படிக்கும் அடிப்படை மதிப்பில் 10% ஏறும் அல்லது இறங்கும். மாண்ட்ரியல் பருவத்தின் மதிப்புப்படி குவாட் லட்ஸ் (நான்கு சுற்று) 11.50, ட்ரிபிள் லட்ஸ் 5.90. குவாட் லட்ஸைச் சுற்றி முடித்துவிட்டு விழுந்தால் 5.75 போய்விடும், விழுந்ததற்குத் தனியாக 1 கழியும், மிச்சம் 4.75. சுத்தமாக இறக்கிய ட்ரிபிளைவிடக் குறைவு! விழுந்தவர் ஜெயித்தாலும் சரி, விழாதவர் தோற்றாலும் சரி, விடை இந்தக் கணக்கில்தான் இருக்கும். நேரலையில் திரையின் ஓரத்தில் வரும் சின்னக் கட்டங்களில் பச்சை என்றால் நன்றாக வந்தது, மஞ்சள் என்றால் மறுபரிசீலனை, சிவப்பு என்றால் இழப்பு.

இது போக அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் ஆகிய மூன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் உண்டு. இதைப் பழக எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு முறை சத்தத்தை அணைத்துவிட்டு சகமோட்டோவின் ஆட்டத்தைப் பார்ப்பது. இரண்டு மூன்று உந்தலில் ரிங்கின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடுவார், அந்த வேகத்திலேயே ஜம்புக்குள் நுழைவார். குவாட் இல்லாமல் உலகப் பட்டங்களை அவர் வென்றதற்குப் பெரிய காரணம் அதுதான் என்பது என் கருத்து.

ஆறுக்கு இவ்வளவு என்று போட்டுவந்த பழைய 6.0 முறை போய் இவ்வளவு விரிவான கணக்கு வந்ததற்குப் பின்னால் 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கின் ஜோடிப் பிரிவில் வெடித்த நடுவர் ஊழல் இருக்கிறது. ரஷ்ய ஜோடிக்குக் கொடுத்த தங்கத்தோடு கனடா ஜோடிக்கும் இரண்டாவது தங்கம் கொடுத்துத்தான் அன்று சமாளித்தார்கள்.

மார்ச் வரை காத்திருக்க முடியாதென்றால் ஜூனியர் கிராண்ட் பிரீ போட்டித் தொடரில் ஆரம்பியுங்கள், சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் யூடியூப் சேனலில் இலவசமாக வரும். சீனியர் கிராண்ட் பிரீ அக்டோபரில் தொடங்கும். போட்டி முடிந்ததும் ஒவ்வொருவருடைய முழு மதிப்பெண் தாளையும் இணையத்தில் போட்டுவிடுவார்கள். இவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றிய ஒருவரின் தாளை எடுத்து, வீடியோவை ஓடவிட்டு, வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.